மழை பிடிக்கும்னு எம்எஸ்சி சேரப்போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

நவம்பர் வந்தாலே நம்ம ஊர்ல பாதி பேர் வானிலை நிபுணர்தான், வேளச்சேரி மேம்பாலத்துல காரை ஏத்தி நிறுத்தலாமா வேணாமான்னு ரேடார் படத்தைப் பாத்துட்டு முடிவு பண்றவங்க இருக்காங்க. நானும் அந்தக் கூட்டம்தான், பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு அந்த ஆசையிலதான் வானிலை, புவி அறிவியல் படிப்பு பக்கம் வந்தேன், மொத செமஸ்டர் முழுக்க ஒரு மேகத்தைக்கூட காட்டல, வெறும் பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்னு கஷ்டமான கணக்குதான். அதனால மொதல்லயே சொல்லிடறேன், காத்து, மழை, கடல் பக்கம் போறதுக்கு கணக்குதான் வாசப்படி. கல்லு, மண்ணு, நிலத்தடி நீர் பக்கம்னா கணக்கு கொஞ்சம் கம்மி, ஆனா வெயில்ல பாறை பாறையா ஏறி எறங்கணும்.

வெளிநாட்டுல புவியும் வளிமண்டலமும் ஒரே டிபார்ட்மென்ட்டா பல எடத்துல இருக்கும், ஜார்ஜியா டெக், கனடால ஆல்பர்ட்டா எல்லாம் அப்படித்தான். நம்ம ஊர்ல இது தனித்தனியா பிரிஞ்சு கெடக்கு, கல்லு, மண்ணு படிக்கிற ஜியாலஜி ஒரு பக்கம், பூமியோட பிசிக்ஸ் படிக்கிற ஜியோபிசிக்ஸ் ஒரு பக்கம், வானிலை படிக்கிற மெட்டீராலஜி ஒரு பக்கம், கடல் படிக்கிற ஓஷனோகிராபி ஒரு பக்கம். ஒரே பேர்ல தேடுனா பாதி கோர்ஸ் கண்ணுலயே படாது.

பிஎஸ்சி ஜியாலஜி படிச்சவங்களுக்கு வழி நேரா இருக்கு. சென்னைலயே மெட்ராஸ் யுனிவர்சிட்டி கிண்டி கேம்பஸ் இருக்கு, பிரசிடென்சி காலேஜ் இருக்கு, பக்கத்துல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிக்கு சியூஇடி பிஜின்னு ஒரு நுழைவுத்தேர்வு எழுதணும், ஐஐடி வேணும்னா ஜாம் எக்ஸாம்ல ஜியாலஜி பேப்பர். ஜாம்ல 60 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். நெகட்டிவ் மார்க் ஒரே ஒரு விடை இருக்குற கேள்விக்கு மட்டும்தான், நம்பர் டைப் பண்ற கேள்விக்குக் கெடையாது, அதனால அதுல எதையும் காலியா விட்டுட்டு வராதீங்க.

பிசிக்ஸ், மேத்ஸ் ஆளுங்க மெட்டீராலஜி பக்கம் வரணும்னா சென்னையைத் தாண்டித்தான் ஆகணும், இதை வீட்ல இப்பவே சொல்லி வெச்சிடுங்க. கொச்சின்ல குசாட்னு ஒரு யுனிவர்சிட்டி, அங்க எம்எஸ்சி மெட்டீராலஜி இருக்கு, அவங்களே தனி நுழைவுத்தேர்வு வெக்கிறாங்க. விசாகப்பட்டினத்துல ஆந்திரா யுனிவர்சிட்டி இருக்கு, ஜாம் மூலமா ஐஐடி புவனேஸ்வர் இருக்கு. பிஇ முடிச்சவங்க கேட்னு ஒரு நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடி டெல்லில எம்டெக் போகலாம், கேட்ல எஞ்சினியரிங் சயின்ஸ் பேப்பருக்குள்ளயே வளிமண்டலம், கடல்னு ஒரு பகுதி இருக்கு, நெறைய பேருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம். சேர்றதுக்கு முன்னாடி இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமான்னு வீட்ல உக்காந்தே டெஸ்ட் பண்ணிக்கலாம், காசு செலவு இல்ல. ஐரோப்பாவோட கோப்பர்னிகஸ் தளத்துல ஈஆர்ஏ5னு ஒரு பழைய வானிலை டேட்டா ஃப்ரீயா கெடைக்கும், 1940ல இருந்து மணிக்கு மணி உலகம் முழுக்க. ஒரு அக்கவுன்ட் போட்டு, 2015 டிசம்பர் 1, 2 ரெண்டு நாளும் நம்ம கடற்கரைக்கு மட்டும் மழையை டவுன்லோட் பண்ணுங்க. பைத்தான்ல எக்ஸ்அரேன்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதுல தொறந்து 24 மணி நேர மழையைக் கூட்டுங்க. இங்க ரெண்டு எடத்துல எல்லாரும் கவுந்துடுவாங்க. ஒண்ணு, மழை அளவு மீட்டர்ல இருக்கும், 1000 ஆல பெருக்கினாதான் மில்லிமீட்டர். இன்னொண்ணு, நம்ம வானிலை மையம் மழைக் கணக்கை காலைல 8.30க்கு முடிக்கும், டேட்டா கிரீன்விச் நேரத்துல இருக்கும், நம்ம காலைல 8.30 அதுல 3 மணி, அதனால 1ஆம் தேதி 3 மணில இருந்து 2ஆம் தேதி 3 மணி வரைக்கும் கூட்டணும், நான் நேரத்தைக் கவனிக்காம ஒரு வாரம் தலையைப் பிச்சிக்கிட்டேன்.

கூட்டி முடிச்சு, அதை ஒரு படமா வரைஞ்சிட்டு தாம்பரத்துல அன்னைக்குப் பதிவான 49 சென்டிமீட்டரோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்த டேட்டா உலகத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சு கட்டத்துக்கு ஒரு நம்பர் குடுக்கும், ஒரு கட்டம் கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர், தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே நம்பர்தான் வரும், ஒரே எடத்துல நின்னு கொட்டுன மழையை அது எப்படிப் புடிக்கும்? ஏன் பொருந்தல, காத்து எங்கருந்து வந்துச்சு, ஈரப்பதம் எவ்ளோன்னு நோண்டத் தோணுச்சுன்னா தாராளமா சேருங்க. அட போங்கடான்னு தோணுச்சுன்னா ரேடார் பாக்குறதோட நிறுத்திக்கலாம், அதுவும் நல்ல பொழுதுபோக்குதான்.

வெளிநாட்டுக்கு அப்ளை பண்றவங்களுக்கு நீங்க வரைஞ்ச அந்த மழைப் படமும் ரெண்டு பத்தி விளக்கமும்தான் சரக்கு. அமெரிக்கால தீசிஸ் எழுதுற எம்எஸ்ஸுக்கு டீச்சிங், ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் கெடைச்சா ஃபீஸ் மிச்சம், அதுக்கு டிசம்பர், ஜனவரி கடைசித் தேதிக்கு முன்னாடியே, செப்டம்பர் வாக்குல, ப்ரொஃபசருக்கு மெயில் போடணும். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்'னு ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீங்க, அவர் பேப்பர் ஒண்ணைப் படிச்சு, அதுல ஒரு கேள்வி, உங்க படம் ஒண்ணு, பத்து வரி போதும். பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேணாம். மூணு வருஷ டிகிரியை சில யுனிவர்சிட்டி ஏத்துக்காது, காசு கட்டறதுக்கு முன்னாடி அதைக் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

வேலைன்னு பாத்தா ஜியாலஜிக்காரங்களுக்கு யூபிஎஸ்சி நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு இருக்கு, ஜியாலஜிக்கல் சர்வேக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதுலதான் ஆள் எடுக்குறாங்க. பிஎச்டி போறதா இருந்தா சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேர்வுல புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாம் சேர்ந்து ஒரே பேப்பர், அதனால கல்லு படிச்சவங்க காத்தையும் கொஞ்சம் படிச்சுத்தான் ஆகணும். ப்ராஜெக்ட் பண்ண பள்ளிக்கரணைல தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, காலேஜ் ரோட்டுல வானிலை மையம் இருக்கு. வானிலை மையத்துக்கு உள்ள போக வாய்ப்பு கெடைச்சா 1792ல கட்டுன அப்சர்வேட்டரியோட கருங்கல் தூணைப் பாத்துட்டு வாங்க, தமிழ்லயும் பொறிச்சிருக்கும்.

அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது யுனிவர்சிட்டி குடுக்குற மொத்த மார்க் விவரம், இன்னைக்கே அப்ளை பண்ணிடுங்க, எனக்கு ஒண்ணரை மாசம் இழுத்துச்சு, கவர்ல சீல் இல்லன்னு திரும்பவும் ஒரு நடை.