எலாஸ்டேஸ் டெஸ்டுக்கு மலம் குடுக்குறது எப்படி, ரிப்போர்ட்டை எப்படிப் பாக்குறது

லேப்ல சாம்பிள் வாங்குற சீட்டுல உக்காந்திருக்கேன், கணையத்துல நாள்பட்ட வீக்கமோன்னு டாக்டருக்கு சந்தேகம் வந்து ஃபீகல் எலாஸ்டேஸ், அதாவது மலத்துல எலாஸ்டேஸ் அளக்குற டெஸ்ட், எழுதிக் குடுத்தா, வர்றவங்க மொதல்ல கேக்குறது "இதை ரத்தத்துலயே பாத்துட முடியாதா சார்"னுதான். முடியாதுங்க, வியாதி பழசாயிட்டா ரத்தத்துல அமைலேஸ், லைபேஸ்ங்கிற கணைய என்சைம் ரெண்டும் நார்மலாவே இருக்கலாம். எலாஸ்டேஸ் கணையம் சுரக்குற புரதம், குடல் முழுக்கத் தாண்டியும் பெருசா சிதையாம மலத்துல வந்து நிக்கும், அதை அளந்தா கணையம் எவ்வளவு சுரக்குதுன்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

டப்பாவை ரொப்பிக் கொண்டு வராதீங்க, மூடியோட வர்ற ஸ்பூன்ல நெல்லிக்காய் அளவு போதும். யூரின், டாய்லெட் தண்ணி எதுவும் கலக்கக் கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட்னா கீழ ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சுக்கோங்க. உடனே வர முடியலன்னா மூடியை இறுக்கி, கவர்ல சுத்தி, பேர் எழுதி ஃப்ரிட்ஜ்ல வைங்க. வீட்டுல சொல்லிட்டு வைங்க!

முக்கியமானது இதுதான்: தண்ணியா பேதி போற அன்னிக்கு சாம்பிள் எடுக்காதீங்க, எலாஸ்டேஸ் நீர்த்துப் போயி கணையம் நல்லா இருந்தாலும் நம்பர் கம்மியா காட்டும். ஒருத்தர் வயித்தைச் சுத்தம் பண்ண மருந்து குடிச்ச மறுநாளே கொண்டு வந்தாரு, 200க்கு மேல இருக்க வேண்டியது 140 வந்து வீடே கலங்கிப் போச்சு, பத்து நாள் கழிச்சு கெட்டியா குடுத்ததுல 300க்கு மேல. செரிமானத்துக்குப் போடுற என்சைம் மாத்திரையை இதுக்காக நிறுத்த வேணாம், அது பன்னிக் கணையத்துலேர்ந்து எடுக்குறது, மனுஷ எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கிற கிட்ல அது சிக்காது, ஆனா எந்த கிட்னு லேப்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ரிப்போர்ட்ல ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தா நார்மல், 100லேர்ந்து 200 ரெண்டுங்கெட்டான், 100க்குக் கீழன்னா சுரப்பு நல்லாவே குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். நார்மல்னு வந்ததும் துள்ளக் கூடாது, ஆரம்ப கட்டத்தை இந்த டெஸ்ட் கோட்டை விட்டுடும். அங்கதான் சில பெரிய ஆஸ்பத்திரில கணையத்தைச் சுரக்க வைக்கிற செக்ரெட்டின் ஹார்மோன் ஊசி போட்டு, எண்டோஸ்கோப் வழியா சிறுகுடல் நீரை ஒரு மணி நேரம் விட்டு விட்டு உறிஞ்சி, கணையம் சுரக்குற உப்பான பைகார்பனேட் எவ்வளவுன்னு பாப்பாங்க, உச்சமே லிட்டருக்கு 80 மில்லிமோல் தொடலன்னா கணையம் தளர்ந்திருக்கு. கணையத்துல கல், சுருக்கம் இதெல்லாம் சிடி, எம்ஆர்சிபி (பித்த, கணையக் குழாயைக் காட்டுற எம்ஆர்ஐ) மாதிரி ஸ்கேன் பாத்தாதான் தெரியும். டாக்டர்கிட்ட போறப்ப நம்பரோட, அன்னிக்கு மலம் கெட்டியா இருந்துச்சா, எண்ணெய் மிதந்துச்சா, ஃப்ளஷ் பண்ணியும் ஒட்டிட்டு நின்னுச்சான்னு கூச்சப்படாம சொல்லுங்க.