நாரி நோவென்று வரும் ஐயாமாரும் நாங்கள் கேட்காமல் விட்டதும்

போன மாதம் எங்கள் வெளிநோயாளர் பிரிவில், புதிதாக நியமனம் பெற்று வந்த டொக்டர் பிள்ளை ஒன்று எழுதிய துண்டு கண்ணில் பட்டது. "வயது 71. நாரி நோ. டைக்ளோபினாக், 5 நாள்." அவ்வளவுதான். ஐயா மருந்தையும் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். ஆள் அனுப்பித் திருப்பிக் கூப்பிட்டேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பிள்ளையில் கோபமில்லை. அதே துண்டை அதே வேகத்தில் நானும் எழுதியவன்.

புகைக்காதே, வருத்தத்தை ஒளிக்காதே என்பதெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதை விடுவோம். புரொஸ்டேட் புற்றுநோயில் படித்த மகன்மாரும் எங்களைப் போன்ற வைத்தியர்களும் விடுகிற பிழைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

"சலம் நல்லாத்தானே போகுது"

புரொஸ்டேட் சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளம் வயதில் 20 கிராம் அளவு. வயது போகப்போக வீங்குவது குழாயை ஒட்டிய உட்பகுதி. இரவில் நாலு தரம் எழும்புவதும், முக்கி முக்கி நிற்பதும் அதனால்தான். அந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. புற்றுநோய் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வெளி ஓரத்தில், மலக்குடல் பக்கமாகத் தொடங்குகிறது. அது வளர்ந்து குழாயை நெரிக்க வருடக்கணக்காகும். ஆகவே சலம் தடையில்லாமல் போவதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க ஏலாது.

விரல் விட்டுப் பார்க்காமல் விடுவது

மலவாசலால் விரல் விட்டுச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பது பத்து செக்கன் வேலை. வெட்கம் பெரும்பாலும் டொக்டருக்குத்தான்.

நாரி நோவுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல், முதலில் என்னில்.

2013. குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல் செய்த ஒரு ஐயா, வயது 68. 2009இல் பட்ட செல் பீஸ் ஒன்று, எறிகணைத் துண்டு, முதுகுத் தசைக்குள் அப்படியே கிடந்தது. வன்னியில் இது புதினமில்லை, உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாரி நோவென்று மூன்று மாதத்தில் மூன்று தரம் வந்தார். முதல் தரம் குளிசை கொடுத்தேன். இரண்டாந் தரம் குளிசையும் பூசுமருந்தும். மூன்றாந் தரம் எக்ஸ்ரே எடுத்தேன். பீஸ் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. என் கண் அதோடு நின்றுவிட்டது. "பீஸ்தான் ஐயா குத்துது, மூட்டை தூக்காதையுங்கோ" என்றேன். அவரும் தலையாட்டினார். அவர் நினைத்துக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

ஆறு கிழமையால் மகன் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் பாய் விரித்துக் கிடத்திக்கொண்டு வந்தார். இரண்டு காலையும் அசைக்க ஏலாது. சலமும் அடைத்துவிட்டது. பிஎஸ்ஏ, அதாவது புரொஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு, 600க்கு மேல். வழக்கமாக 4ஐத்தான் எல்லையாக வைப்பார்கள். பழைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பீஸுக்கு இரண்டு விரல் மேலே ஒரு முள்ளந்தண்டு என்பு மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. பல புற்றுநோய்கள் என்பை அரித்துக் கறுப்பாக்கும். புரொஸ்டேட் புற்றுநோய் என்பைத் தடிப்பாக்கி வெள்ளையாக்கும். இரும்பின் வெள்ளைக்குப் பக்கத்தில் நோயின் வெள்ளை. பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

ஏன் முதுகுக்குப் போகிறது? இடுப்புக்குழியின் நாளங்கள் முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்களோடு தொடுத்திருக்கின்றன. நடுவில் வால்வு கிடையாது. கதவில்லாத மடை மாதிரி. இருமினால், முக்கினால் இரத்தம் அந்தப் பக்கம் பாயும். 1940இல் பற்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இந்த வழியை விளக்கினார்.

கேட்டிருக்க வேண்டியவை பெரிய கேள்விகள் இல்லை. இரவில் நோவினால் முழிப்பு வருகிறதா? படுத்தால் ஆறுகிறதா, கூடுகிறதா? இருமும்போது முதுகில் உதைக்கிறதா? கால் சோர்கிறதா, விறைக்கிறதா? வேலை செய்து வந்த நோ படுத்தால் ஆறும். இவருக்குப் படுத்தால்தான் கூடியது. மூன்று மாதமாக மனுசன் கதிரையில் இருந்தபடி நித்திரை கொண்டிருக்கிறார். மனைவி சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் கால் போன பிறகு. "நீங்கள் கேக்கேல்லையே தம்பி" என்றா. உண்மைதான்.

முள்ளந்தண்டு நரம்பு நெரிபட்டால் கணக்கு நாளில் இல்லை, மணித்தியாலத்தில். நரம்பைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் உடனே. எம்ஆர்ஐயும், கதிர்வீச்சு அல்லது சத்திரசிகிச்சையும் 24 மணித்தியாலத்துக்குள் நடந்தால் நல்லது. வரும்போது நடக்கக்கூடியவர் பெரும்பாலும் பிறகும் நடப்பார். தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் எழும்புவது அரிது. வன்னியிலிருந்து யாழ்ப்பாணமோ தெல்லிப்பழையோ போக எவ்வளவு நேரம் என்பதும் இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

அனுப்பிய ஆஸ்பத்திரியில் அவருக்கு விதைகளை அகற்றினார்கள். "விதையை எடுத்தா நாரி எப்பிடித் தம்பி சுகமாகும்?" என்று கேட்டார். இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஓமோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஊசியாலும் ஓமோனை நிறுத்தலாம். ஆனால் அந்த ஊசிகளில் சில, முதல் ஓரிரு கிழமை ஓமோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். நரம்பு நெரிபட்டிருக்கிற ஆளுக்குத் தடுப்புக் குளிசை இல்லாமல் அதைப் போட்டால் நிலைமை மோசமாகும். ஐயாவுக்கு நோ சில நாளில் குறைந்தது. கால் வரவில்லை. இரண்டு வருடம் விறாந்தைக் கட்டிலில் கிடந்து, மற்றவன் தன் வயலை உழுவதைப் பார்த்தார்.

எம்ஆர்ஐ அறையில் செல் பீஸை மறைப்பது

எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம். காந்தம் இரும்பை இழுக்கும். பழைய காயத்தைச் சொன்னால் விசாரணை வரும் என்று வாய் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பீஸ் எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் சிரி (CT) ஸ்கானுக்கு மாற்றுவார்கள்.

பிஎஸ்ஏயை நினைத்த நாளில் எடுப்பது

சலம் அடைத்து ரியூப் போட்ட அன்றே இரத்தம் எடுத்து, 18 என்று வந்ததும் வீட்டில் செத்த வீடு மாதிரி அழுகிறார்கள். ரியூப் போட்டாலும், சலத்தில் கிருமி இருந்தாலும் பிஎஸ்ஏ ஏறும். ஆறு கிழமை விட்டு எடுங்கள். விந்து வெளியேறினாலோ, நீண்ட தூரம் சைக்கிள் ஓடினாலோ இரண்டு நாள் விட வேண்டும். மறுபக்கம், வீக்கத்துக்கு ஆறு மாதமாக ஃபினாஸ்டரைட் குடிக்கிறவருக்குப் பிஎஸ்ஏ பாதியாக இறங்கியிருக்கும். அவருடைய 3ஐ 6 என்று வாசிக்க வேண்டும். குடிக்கிற குளிசையைக் கேட்காமல் "நோர்மல்" என்று அனுப்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

4 என்ற எல்லைக்கோடும் வேலி மாதிரி இல்லை. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பிஎஸ்ஏ 4க்கு மேற்படாத ஆண்களுக்கும் சுரப்பியில் ஊசியால் துண்டெடுத்துப் (பயொப்சி) பார்த்தபோது, 15 வீதமானோருக்குப் புற்றுநோய் இருந்தது.

"ஊசி குத்தித் துண்டெடுத்தால் பரவும்"

அந்தப் பயத்தில் ஒத்திப்போடாதீர்கள். துண்டெடுத்த பிறகு காய்ச்சல், நடுக்கம் வந்தால் மட்டும் அன்றைக்கே ஓடி வாருங்கள்.

எல்லாருக்கும் உடனே வெட்டச் சொல்வது

எல்லாப் புரொஸ்டேட் புற்றுநோயும் அந்த ஐயாவுடையது மாதிரி ஓடாது. பிரித்தானியாவில் சுரப்பியோடு நின்ற நோயுள்ள 1,643 பேரை வெட்டுதல், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்தார்கள். மூன்று பிரிவிலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். மகன் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறார் என்பதற்காக அந்தரப்பட வேண்டியதில்லை.

"குடும்பத்தில ஆருக்கும் இல்லை"

குடும்பத்தில் இந்த நோய் இருப்பது பெரிய ஆபத்துகளில் ஒன்று. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இருந்திருந்தால் ஆபத்து இரண்டு மடங்கு. ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வரும் பதில் என்ன? அப்பா 45 வயதில் செல்லடியில். பெரியப்பா காணாமல் போனவர். அண்ணன் இயக்கத்தில். புரொஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் 50க்குப் பிறகு, 65ஐ ஒட்டி வருகிற வருத்தம். அந்த வயதுக்கு இருக்க விடப்படாத ஆண்களைப் பற்றி நாங்கள் கொப்பியில் "இல்லை" என்று எழுதுகிறோம். "தெரியாது" என்று எழுத வேண்டும். பிறகு பெண்களைப் பற்றிக் கேட்க வேண்டும், அம்மா, அக்கா, தங்கச்சி, சின்னம்மா. மார்புப் புற்றுநோயையும் சூலகப் புற்றுநோயையும் கொண்டுவரும் பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு ஆண்களில் புரொஸ்டேட்டில் வேலையைக் காட்டும்.

பஸ் தரிப்பிடத்தில் இருந்து திருப்பிக் கூப்பிட்ட ஐயாவிடமும் இதைத்தான் கேட்டோம். ஆம்பிளையள் ஒருத்தரும் மிஞ்சேல்லை என்றார். பெண்கள்?

"அக்கா ஒராள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில கன நாள் இருந்தவ."

"எதுக்கு ஐயா?"

"மார்பில கட்டி."

பிள்ளை துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரவில் நித்திரை எப்படி என்று கேட்கத் தொடங்கியது.