ஆடிய ராக்கும் 12 மில்லிமீட்டரும்

கார் ஷெட்டில் பூட்டிய இரும்பு ராக், மேல் தட்டில் கை வைத்தாலே பக்கவாட்டில் ஆடியது. போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன். காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தேன். இரண்டே நாளில் நசுங்கிவிட்டது. கனமான பெட்டிகளைக் கீழே இறக்கியும் பார்த்தேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் பின்பக்கம் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். ஒரு குறுக்களவு மற்றதைவிட 12 மில்லிமீட்டர் அதிகம். கோணலாக நிற்கும்போதே முறுக்கி இறுக்கியிருக்கிறேன்!

எல்லா போல்ட்டையும் தளர்த்தினேன். தண்ணீர் வடிய ஷெட் தரை வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருந்ததால், அந்தப் பக்கக் கால்களுக்கு இரும்புத் தகடு கொடுத்தேன். நீளமான குறுக்கின் மேல் மூலையை உள்ளே தள்ளி, இரண்டு அளவும் ஒன்றானதும் முறுக்கினேன். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று மேல் தட்டைச் சுவரோடும் பிணைத்தேன். ஆட்டம் நின்றது. அப்பாடா!