கீக்ளோக் லொகின் சேர்வரை டெராஃபோமால் நிர்வகிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கீக்ளோக்கின் நிர்வாகப் பக்கத்தில் நாலு பெட்டியில் சரி போட்டால் லொகின் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதே அமைப்பை இன்னொரு சேர்வரிலும் போடச் சொல்லும்போதுதான் எந்தப் பெட்டியில் சரி போட்டோம் என்ற தேடல் தொடங்கும். அந்த அமைப்புகளைக் கோப்பாக எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைத்துக்கொள்ள, கோப்பில் எழுதியபடி சேர்வரை அமைக்கும் கருவியான டெராஃபோமும் அதைக் கீக்ளோக்குடன் இணைக்கும் கீக்ளோக் புரொவைடரும் உதவும்.

உதாரணமாக வெள்ளவத்தையில் ஒரு புத்தகக்கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு இணையக் கடை, ஊழியருக்கு ஸ்டொக் பக்கம், இரண்டுக்கும் ஒரே லொகின். கட்டளைகளையும் புலங்களின் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தந்திருக்கிறோம். அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்திலும், சூழல் மாறிகளின் பெயர்களைப் பேரெழுத்திலும் எழுதவும்.

தேவையானவை டொக்கரும் (மென்பொருளைக் கொன்டெய்னர் என்ற தனிப் பொதிக்குள் ஓடவிடும் கருவி), டெராஃபோம் 1.5 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பும். 2023 ஆகஸ்டில் டெராஃபோமின் உரிமம் மாறியது. திறந்த மூலம்தான் வேண்டும் என்பவர்கள் ஓபன்டோஃபுவை எடுக்கலாம். கீழே உள்ளவை அதற்கும் பொருந்தும்.

படி 1: சேர்வரை ஏற்றுதல்

கீக்ளோக் 26 இன் டொக்கர் இமேஜை 'ஸ்டார்ட்-டெவ்' கட்டளையுடன் 8080 போர்ட்டில் ஓடவிடுங்கள். முதல் நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் 'கேசி_பூட்ஸ்ட்ராப்_அட்மின்' என்று தொடங்கும் இரண்டு சூழல் மாறிகளில் கொடுக்கவேண்டும். பழைய விளக்கங்களில் 'கீக்ளோக்_அட்மின்' என்றிருக்கும்; அது 26 க்கு முந்திய வழக்கம். இந்த முறையில் தரவு கொன்டெய்னருக்குள்ளேயே இருப்பதால், கொன்டெய்னரை அழித்தால் எல்லாம் போய்விடும். பழகுவதற்கு அது வசதிதான்: அழித்துவிட்டு, கோப்பிலிருந்து முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம்.

படி 2: டெராஃபோமுக்கு ஒரு கணக்கு

இது ஒன்றைக் கையால்தான் செய்யவேண்டும். பயனர்களும் அமைப்புகளும் சேர்ந்த தனிப் பகுதியைக் கீக்ளோக் ரெல்ம் என்றும், லொகினைப் பயன்படுத்தும் செயலியைக் கிளையன்ட் என்றும் அழைக்கும். மாஸ்டர் ரெல்மில் 'டெராஃபோம்' என்று ஒரு கிளையன்ட் உருவாக்கி, கிளையன்ட் ஒதென்டிகேஷனையும் சேர்விஸ் அக்கவுன்ட் ரோல்ஸையும் திறந்து, ஸ்டாண்டர்ட் ஃப்ளோவை (பிரவுசர் வழி லொகினை) மூடிவிடுங்கள். பிறகு சேர்விஸ் அக்கவுன்ட் ரோல்ஸ் தாவலில் 'அட்மின்' என்ற ரோலை, அதாவது நிர்வாகியின் அனுமதியை, கொடுங்கள். பட்டியலில் அது தென்படாவிட்டால் ரெல்ம் ரோல்கள் காட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். கிளையன்ட் ரோல்களுக்குள் தேடினால் கிடைக்காது.

கிரெடென்ஷியல்ஸ் தாவலில் உள்ள சீக்ரெட் (இந்தக் கிளையன்டின் கடவுச்சொல்) முழுச் சேர்வரையும் திறக்கும். அதைக் கோப்பில் எழுதாமல் 'கீக்ளோக்_கிளையன்ட்_சீக்ரெட்' என்ற சூழல் மாறியில் வையுங்கள். கிளையன்ட் ஐடி, யூஆர்எல் இரண்டுக்கும் அதேபோல் மாறிகள் உண்டு.

படி 3: புரொவைடர்

மூலமாக 'கீக்ளோக்/கீக்ளோக்' என்று கொடுத்து, பதிப்பு எண்ணையும் கட்டிவிட்டு, 'டெராஃபோம் இனிட்' ஓடவிடுங்கள். பின்னர் டெராஃபோம் கீக்ளோக்குடன் பேசும்போது 404 (தேடியது அங்கே இல்லை என்ற பிழை) வந்தால் பெரும்பாலும் முகவரிப் பிழைதான். கீக்ளோக் 17 இல் குவார்குஸ் என்ற புதிய அடித்தளத்துக்கு மாறியபோது முகவரியின் கடைசியில் இருந்த 'ஓத்' நீங்கியது. சேர்வர் இன்னும் அந்தப் பாதையில் ஓடினால் 'பேஸ்_பாத்' புலத்தில் அதைக் குறிப்பிடவேண்டும்.

படி 4: ரெல்மும் கிளையன்டுகளும்

முதலில் 'கீக்ளோக்_ரெல்ம்' ஒன்று எழுதுங்கள். அக்சஸ் டோக்கனின் (லொகின் செய்தவருக்குத் தரப்படும் அனுமதிச் சீட்டின்) ஆயுள் 5 நிமிடம் போதும்.

அடுத்து 'கீக்ளோக்_ஓபன்ஐடி_கிளையன்ட்' இரண்டு. இணையக் கடை முழுக்க பிரவுசரில் ஓடுவதென்றால் அதன் அக்சஸ் டைப் 'பப்ளிக்'. லொகின் குறியீட்டைத் திருடிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிகேசிஇ முறையை 'எஸ்256' என்று வையுங்கள். ஸ்டொக் பக்கம் சேர்வரில் ஓடுவதால் 'கொன்ஃபிடென்ஷியல்'. இந்த மூன்று மதிப்புகளையும் பேரெழுத்தில் எழுதவும்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. நிர்வாகப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் ஃப்ளோ தானாகவே திறந்திருக்கும். புரொவைடரில் அது தானாகவே மூடியிருக்கும். எழுத மறந்தால் கிளையன்ட் உருவாகும், லொகின் மட்டும் நடக்காது. இரண்டாவது, ரிடைரெக்ட் முகவரி (லொகின் முடிந்தபின் திரும்பிப்போகும் முகவரி). கடைசிச் சாய்கோடு ஒன்று கூடினாலும், எச்டிடிபிஎஸ் இல் ஒரு 'எஸ்' குறைந்தாலும் 'இன்வேலிட் பெரமீட்டர்: ரிடைரெக்ட்_யூஆர்ஐ' என்று திரை நின்றுவிடும். அதற்குப் பயந்து வெறும் நட்சத்திரக்குறி போட்டுவிடாதீர்கள். லொகின் குறியீட்டை எந்தத் தளத்துக்கும் அனுப்பலாம் என்று எழுதிக்கொடுத்ததாகிவிடும். மூன்றாவது, 'ரெல்ம்_ஐடி'யில் ரெல்மின் பெயரை நேரே எழுதாமல் ரெல்ம் ரிசோர்ஸின் (கோப்பில் ரெல்மை எழுதிய துண்டின்) ஐடியைச் சுட்டுங்கள். டெராஃபோம் ஒரே நேரத்தில் பத்து வேலைகள் வரை செய்யும். எது முந்தவேண்டும் என்பது அதற்குத் தெரியாவிட்டால் ரெல்ம் பிறக்குமுன்னே கிளையன்டைச் சேர்க்கப்போய் 404 வாங்கும்.

ரோல்களையும் குழுக்களையும் இதே பாணியில் எழுதலாம். 'கீக்ளோக்_குரூப்_ரோல்ஸ்' இல் மட்டும் ஒரு கவனம்: 'எக்ஸோஸ்டிவ்' புலம் தானாகவே 'ட்ரூ'. யாராவது நிர்வாகப் பக்கத்தில் 'காசாளர்' குழுவுக்குக் கூடுதல் ரோல் கொடுத்திருந்தால், அடுத்த அப்ளையில் (கோப்பில் எழுதியதைச் சேர்வரில் நிறைவேற்றும் 'டெராஃபோம் அப்ளை' கட்டளையில்) அது பறிபோகும்.

ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் கோப்பில் எழுதவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெயரும் மின்னஞ்சலும் ஸ்டேட் கோப்பில் (டெராஃபோம் தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் கோப்பில்) அப்படியே தங்கிவிடும்; இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை பொறுப்போடு காக்கவேண்டிய தரவுகள். கிளையன்ட் சீக்ரெட்டும் ஸ்டேட்டில் வெறும் எழுத்தாகவே கிடக்கும். 'சென்சிட்டிவ்' என்று குறித்தால் திரையில் மட்டுமே மறையும். ஆகவே ஸ்டேட்டைக் கிட்டில் ஏற்றாமல், குறியாக்கமும், ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி தடுக்கும் பூட்டும் உள்ள தொலைச் சேமிப்பில் வையுங்கள்.

படி 5: பிளானை வாசித்தல்

என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் 'டெராஃபோம் பிளான்' கட்டளை தரும் கடைசிப் பகுதியில் எத்தனை சேர்க்கப்படும், மாறும், அழியும் என்றிருக்கும். அழிவது பூச்சியமாக இல்லாவிட்டால் மேலே போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரெல்மின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் 'மஸ்ட் பி ரிப்ளேஸ்ட்' என்று வரும்: பழைய ரெல்ம் அதன் பயனர்கள் அத்தனை பேரோடும் அழிந்து, வெறும் ரெல்ம் ஒன்று பிறக்கும். ரெல்மில் 'ப்ரிவென்ட்_டிஸ்ட்ரொய்' போட்டால் இது தடுக்கப்படும். ஆனால் அந்தத் தடை எழுதப்பட்ட துண்டையே கோப்பிலிருந்து நீக்கினால் தடையும் சேர்ந்து போய்விடும். ரிசோர்ஸின் உள்பெயரை மட்டும் மாற்றுவதென்றால் 'மூவ்ட்' துண்டு ஒன்று எழுதுங்கள். இல்லையேல் அதையும் அழித்துப் புதிதாகக் கட்டும்.

அப்ளையில் 409 வந்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று பொருள். 'அக்கவுன்ட்' போன்ற கிளையன்டுகளைக் கீக்ளோக் தானே உருவாக்கிவிடும்; அவற்றை 'இம்போர்ட்' துண்டு எழுதி உள்ளே எடுக்கவேண்டும். அப்ளை நடுவில் கறண்ட் போனாலும் இதே பிழை வரலாம்: கிளையன்ட் உருவாகியிருக்கும், ஸ்டேட்டில் பதிந்திராது. பூட்டும் விழுந்தபடியே இருந்தால், வேறு யாரும் அப்ளை செய்யவில்லை என்று உறுதிப்படுத்தியபின், பிழைச்செய்தியில் உள்ள பூட்டு ஐடியுடன் 'ஃபோர்ஸ்-அன்லொக்' கொடுங்கள்.

யாராவது கையால் மாற்றினார்களா என்று தினமும் பார்க்க, பிளானை 'டீடெய்ல்ட்-எக்ஸிட்கோட்' தெரிவுடன் ஓடவிடலாம். வெளியேறும் எண் 0 என்றால் மாற்றமில்லை, 1 பிழை, 2 மாற்றம் உண்டு. குறித்த நேரத்தில் கட்டளையை ஓடவிடும் கிரொன் யூடிசி நேரத்தில் இயங்குவதென்றால், கொழும்பில் அதிகாலை 2 மணிக்கு ஓட 20:30 என்று எழுதவேண்டும்.