திங்கள் துணி, வியாழன் திட்டம், தினமும் ஒரு பிளேன்டீ சங்கடம்: கொழும்பில் மிஷன் வாரத்தை ஓட்டுவது எப்படி

மிஷனுக்கு, அதாவது சபை அனுப்பும் ஊரில் முழுநேரமாகச் சுவிசேஷம் சொல்லும் ஊழியத்துக்கு, போகத் தயாராகும் தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த வசனங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகவேண்டும் என்பதுதான். வெள்ளைச் சட்டைக் காலரில் பிடித்த அழுக்கைக் கையால் கசக்கி எடுக்கத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். நண்பகல் வெயிலில் புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, உட்கார இடமில்லாமல் காலி வீதி வழியே வெள்ளவத்தை வரைக்கும் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால் அந்தச் சிரிப்பு இருக்காது.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். மிஷன் காலத்தில் ஒரு பகுதியைக் கொழும்பில், கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் அலைந்து கழித்தேன். எங்களை வெளியில் மோர்மன் என்பார்கள். சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் இந்த முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார், சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது என்பது வேறு கதை. பையன்கள் 18 வயது முடிந்தால் போகலாம், 2 வருடம். பெண் பிள்ளைகளுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. எந்த ஊர் என்று நீங்கள் கேட்டு வாங்கவும் முடியாது, அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் யாரும் சொல்லித்தராத விஷயங்களுக்கு வருகிறேன்.

வாரம் திங்கட்கிழமையில் தொடங்குகிறது. ஆயத்த நாள், அதாவது துணி, சாமான் என்று சொந்த வேலைகளை முடிக்கும் நாள், அன்றுதான் (சில இடங்களில் வேறு நாளாக இருக்கலாம்). ஓய்வு நாள் என்று நினைத்துத்தான் நான் முதல் திங்களைத் தூங்கிக் கழித்தேன், அந்த வாரம் முழுக்க ஈரச் சட்டையோடு திரிந்தேன். விடிந்ததும் முதல் வேலை துணி. வெள்ளையைத் தனியாக ஊறவையுங்கள், சாரம், துவாய் எதையும் அதோடு போடாதீர்கள். என் சிவப்புச் சாரம் ஒன்று ஐந்து சட்டைகளை இளஞ்சிவப்பாக்கியது, அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போன என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரம் ஆனால் இடியோடு மழை வரும், ஆகவே பதினொரு மணிக்குள் கொடியில் போட்டு ஒரு மணிக்கு எடுத்துவிடுங்கள். அதன் பிறகு மரக்கறி, அரிசி, பருப்பு. ஒரு வாரத்துக்கான சாமானை ஒரே தடவையில் வாங்கி, ஒரு பெரிய சட்டிப் பருப்பாவது வைத்துவிட்டால் புதன்கிழமை இரவு கொத்து ரொட்டிக்குக் காசு தேடவேண்டியதில்லை.

திங்களில்தான் வீட்டுக்கும் பேசுவது. 2019 பெப்ரவரிக்கு முன் போன மிஷனரிகளுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்தான், குரல் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். இப்போது வாராவாரம் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். ஒரு எச்சரிக்கை: பேசத் தொடங்கியதும் உங்கள் கஷ்டத்தைக் கொட்டாதீர்கள். நீங்கள் ஐந்து நிமிடம் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள், அம்மா அடுத்த திங்கள் வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக் கதையை முதலில் கேளுங்கள், மாடு கன்று போட்டதா, தங்கச்சியின் பரீட்சை எப்படி என்று. மிஷன் தலைவருக்கு வாராவாரம் எழுதவேண்டிய கடிதத்தையும் அன்றே எழுதிவிடுங்கள், அதில் உண்மையை எழுதுங்கள், கொட்டவேண்டியதை அங்கே கொட்டலாம். நேரம் மிஞ்சினால் காலிமுகத்திடலுக்குப் போய்க் காற்று வாங்குங்கள். சாயந்தரம் மறுபடியும் வேலை.

மற்ற நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை 6.30க்கு எழும்பி, அரை மணி உடற்பயிற்சி, சாப்பாடு, தனியாகப் படிப்பு, பிறகு இருவருமாகப் படிப்பு, பத்து மணி போல வெளியே கிளம்பி, இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு, 10.30க்கு விளக்கு அணையவேண்டும். மொழி படிக்கிற ஆள் என்றால் அதற்கும் நேரம் ஒதுக்கவேண்டும். ஊருக்கேற்பக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள இடமுண்டு.

கம்பானியன் விஷயம் அப்படியில்லை. இரண்டு வருடமும் பக்கத்தில் ஒருவர் இருப்பார், குளியலறை தவிர வேறெங்கும் தனியாகப் போக முடியாது, அந்த ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. முதல் 12 வாரம் அவர் உங்களைப் பயிற்றுவிப்பார். என் முதல் ஆள் சிங்களம் பேசும் குடும்பத்துப் பையன், நல்லவன், ஆனால் மின்விசிறி ஓடினால் தூங்கமாட்டான். நான் குளிரில் வளர்ந்தவன், கொழும்புப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் எனக்கு மூச்சே வராது. மூன்று வாரம் யாரும் வாய்திறக்கவில்லை, நள்ளிரவில் ஒருவன் எழும்பி நிறுத்துவதும் இன்னொருவன் எழும்பிப் போடுவதுமாக ஓடியது. வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனதில் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதை நாங்கள் “எல்லாம் ஓகே” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவந்தோம். கடைசியில் ஒருநாள் நான் சொன்னேன், அவன் சிரித்தான், கட்டில்களை இடம் மாற்றிப் போட்டோம், முடிந்தது. ஆகவே அந்த உட்காரலைத் தட்டிக்கழிக்காதீர்கள், சின்ன விஷயத்தைச் சின்னதாக இருக்கும்போதே சொல்லுங்கள்.

இனித் தேநீர். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் காலத்தில், 1833இல் வந்த ஞான வார்த்தை என்ற உடல்நல விதிப்படி மது, புகையிலை, கோப்பி, தேநீர் நான்கும் கிடையாது. பச்சைத் தேநீர், ஐஸ் டீ என்று சுற்றி வளைத்தாலும் அது தேயிலைதான், அதுவும் இல்லை. மலையகத்தில் முதலில் கோப்பி, பிறகு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் ஆரம்பித்துவைத்த தேயிலை. எங்கள் பாட்டன்மார் முதுகு வளைந்து வளர்த்த இரண்டையும் குடிக்கக் கூடாது என்கிற சபையில்தான் நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். இதை அம்மாவிடம் முதலில் சொன்னபோது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உனக்குச் சோறு போட்டதே இதுதானேடா” என்றார். அதற்குப் பதில் இன்று வரை என்னிடம் இல்லை.

நம் வீடுகளில் தேநீர் குடிக்கிறீர்களா என்று யார் கேட்கிறார்கள்? நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கேத்தல் அடுப்பில் ஏறிவிடும். கோப்பை கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்றால் அது அந்த வீட்டையே வேண்டாம் என்பது போல. நான் ஜம்பட்டா வீதிப் பக்கத்து வீடு ஒன்றில் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் அன்பைப் பற்றிப் பேசினேன், யார் காதில் ஏறும்? அப்புறம் பழகிக்கொண்ட வழி இதுதான்: வாசலிலேயே, அவர்கள் உள்ளே திரும்புவதற்கு முன், “அம்மா, வெயில்ல வந்தோம், கொஞ்சம் தண்ணி தாங்களேன்” என்று நீங்களாகக் கேட்டுவிடுங்கள். மறுப்பதில் வருகிற மனவருத்தம் கேட்பதில் வருவதில்லை, விருந்தாளி உரிமையோடு கேட்டான் என்று சந்தோஷப்படுவார்கள். தண்ணீர் மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தயங்கினால் தேசிக்காய்த் தண்ணியோ மல்லித் தண்ணியோ மைலோவோ போதும் என்று சொல்லலாம், எல்லாமே குடிக்கலாம். பிறகும் தேநீர் வந்துவிட்டால் எங்கள் சபையில் ஒரு விரதம் மாதிரி இது என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். உடம்புக்குக் கெடுதி என்று மட்டும் தொடங்காதீர்கள், அவர்கள் கையில் கோப்பை இருக்கிறது. வடை, முறுக்கு தந்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

பாடம் நடத்துவது பற்றி. கையேட்டில் வரிசை இருக்கிறது: 1820இல் ஜோசப் ஸ்மித் கண்ட தரிசனம், 1830இல் சபை அமைந்தது, மோர்மன் புத்தகம், அடுத்து பிறப்புக்கு முன்பும் சாவுக்குப் பின்பும் என்ன என்கிற இரட்சிப்பின் திட்டம், பிறகு விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம், அதன் பின் கட்டளைகள். இந்தச் சொற்களைப் படித்தீர்களா? கத்தோலிக்க வீட்டில் இவை ஓடும். சைவ வீட்டில் “கிருபை”, “இரட்சிப்பு” என்று இரண்டு தடவை சொன்னாலே கேட்கிறவர் கண் சுவரிலுள்ள மணிக்கூட்டுக்குப் போய்விடும். ஜெபத்திலும் அப்படித்தான். அவர்கள் முருகனை “நீ” என்று உரிமையாகக் கூப்பிடுகிறவர்கள், நாம் “பிதாவே, நீர் உம்முடைய” என்று தொடங்கினால் ஏதோ நீதிமன்றத்தில் மனு வாசிப்பது போல இருக்கிறதாம், ஒரு அக்கா சொன்னார். ஜெப மொழியை மாற்றத் தேவையில்லை, ஆனால் ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாடத்தை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். ஆண் மிஷனரிகளை எல்டர் என்பார்கள், அப்படியென்றால் மூப்பர் என்று விளக்கப்போய், “மீசை முளைக்கேல்ல, இவரா மூப்பர்?” என்று ஒரு ஆச்சி கேட்டதும் உண்டு. நானும் சேர்ந்து சிரித்தேன், அன்று பாடம் நன்றாகப் போனது.

அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதில் பாதி நேரம் அவர்கள் பேசவேண்டும். நான் தொடக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தேன், மகன் வெளிநாடு போய் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை என்று ஒரு ஐயா சொல்லவந்ததை வெட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போனேன், படி இறங்கும்போது கம்பானியன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

இன்னொன்று, இதில் விளையாட்டில்லை. இந்த நாட்டில் மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெரியாத ஆட்கள் தெருவில் நின்றாலே மக்கள் பார்ப்பார்கள், அது நியாயம்தான். கூப்பிடாத கதவைத் தட்டிக்கொண்டு போவதைவிடச் சபை ஆட்களின் சொந்தக்காரர், நண்பர்கள் என்று கூப்பிட்ட வீட்டுக்கே போங்கள். காசோ பால்மாவோ எதுவும் கொடுத்துவிட்டுப் பாடம் தொடங்காதீர்கள், ஒருவருக்கு வீடு மாற, கிணறு இறைக்க உதவினால் உதவியதோடு நிறுத்திக்கொண்டு வந்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் அனுமதி இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை, திருமணமானவர் என்றால் கணவனோ மனைவியோ சம்மதிக்கவேண்டும். எல்டர்கள் இருவரும் ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது, சபையிலிருந்து இன்னொரு பெரிய ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாலும் குறைந்துபோக மாட்டீர்கள்.

வியாழன் மதியம் நாங்கள் வாரத் திட்டம் போடுவோம். நாட்காட்டியை மட்டும் பார்த்துப் போட்டால் பாதி வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். செவ்வாய் சாயந்தரம் கொட்டாஞ்சேனைப் பக்கம் வைக்காதீர்கள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருப்பார்கள், சைவர்களும்தான். வெள்ளிக்கிழமை சைவ வீட்டில் கோயில், மரக்கறிச் சமையல், ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் மணியடிக்காதீர்கள். பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வீடு என்றால் டியூஷன் நேரத்தைக் கேட்டுவிட்டே நாள் குறியுங்கள். ஆடியில் வேல் விழா ரதம் வரும் நாளில் பஸ் ஓடுகிற வழியே மாறிவிடும். போயா (பௌர்ணமி) விடுமுறையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஆனால் பக்கத்து பௌத்த வீட்டில் சில் என்கிற நோன்பு எடுத்திருப்பார்கள், பாட்டுச் சத்தம் வேண்டாம்.

ஞாயிறு ஆராதனை 2019 தொடக்கத்திலிருந்து இரண்டு மணி நேரம்தான். திராட்சரசம் இல்லை, பாணும் தண்ணீரும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல், மிச்சமாகும் காசு இல்லாதவர்களுக்குப் போகும். பாலும் பழமும் எடுக்கலாமா என்று சைவ நண்பர்கள் கேட்பார்கள், இல்லை என்றால் “அப்ப கந்தசஷ்டியைவிடக் கஷ்டம்” என்று ஒரு மரியாதை கிடைக்கும். சனிக்கிழமை இரவே நிறையத் தண்ணீர் குடித்துவையுங்கள்.

ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் அறிவிப்பார்கள். போகச் சொன்னால் இரண்டு மூன்று நாள்தான் கையில் இருக்கும், அதற்குள் அழுது நேரத்தை வீணாக்காதீர்கள். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருக்கும், யாருக்குக் காது கேட்காது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதையெல்லாம் அடுத்து வருகிறவருக்கு எழுதி வையுங்கள். மல்லித் தண்ணி தரும் வீட்டையும் குறித்துவையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கறி கொடுத்த பாத்திரம் உங்கள் அடுக்களையில் கிடக்கும், தேடி எடுங்கள், கழுவுங்கள், வெறுமனே கொடுக்காமல் நாலு வாழைப்பழமாவது போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.