வாளையாறு தாண்டி வீடு வாங்கியவர்களுக்கு: தவணை தவறினால் வங்கியிடம் பேசுவது எப்படி

கஞ்சிக்கோடு கம்பெனி வேலைக்காகவோ, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றோ தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்கு வந்து, வீட்டுக்கடனில் ஒரு வீடும் வாங்கிவிட்டீர்கள். திடீரென்று ஓவர்டைம் நிற்கிறது, இரண்டு தவணை தவறிவிடுகிறது. உடனே நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருப்பது. பேச நல்ல நேரம் அதுதான்.

தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு தவணை மட்டும் கட்டினால் பழைய நிலை திரும்பாது. பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும். அதனால் மூன்றாவது மாதம் முடிவதற்குள் கிளைக்குப் போய்விடுங்கள்.

பாலக்காட்டுக் கிளைகளில் தமிழில் பேசிச் சமாளிக்கலாம். ஆனால் "மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கலாம் என்றார்" என்பதை நம்பி உட்காராதீர்கள். அவருக்கு மாற்றல் வந்தால் அந்த வாக்கும் கூடவே போய்விடும். தவணையையோ காலத்தையோ மாற்றித் தரும் கடன் திருத்தம் பெரும்பாலும் மேலிடத்தில்தான் முடிவாகும். அங்கே போவது உங்கள் கடிதம்தான். அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்வது நல்லது.

கடிதத்தில் அழுகை வேண்டாம், கணக்கு வேண்டும். வருமானம் ஏன் குறைந்தது, எப்போது சீராகும், மாதம் எவ்வளவு நிச்சயமாகக் கட்ட முடியும் என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், மருத்துவச் செலவு என்றால் பில், எல்லாம் இணையுங்கள். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பதா, சில மாதம் அவகாசமா? 15 லட்சம் பாக்கி, 9 சதவீத வட்டி, இன்னும் 10 வருடம் என்றால் தவணை சுமார் 19,000 ரூபாய். 15 வருடமாக நீட்டினால் சுமார் 15,200. கூடுதல் வட்டி நாலரை லட்சத்துக்கு மேல் போகும், அது கசப்புதான். வீடு ஏலத்துக்குப் போவதைவிடப் பரவாயில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

தவணை கட்டுவதற்காக 'பிளேடு'காரர்களிடம் கைநீட்டாதீர்கள். 2014-இல் கேரள போலீஸ் ஆபரேஷன் குபேரா நடத்தியதே இந்தக் கந்துவட்டிக்காரர்களுக்கு எதிராகத்தான்.

அப்புறம், அடமான வீட்டை வங்கியே கையகப்படுத்தி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் வந்துவிட்டால்? அதில் 60 நாள் கெடு இருக்கும். அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், ஏற்காவிட்டால் காரணம் சொல்லி 15 நாளில் பதில் தர வேண்டியது வங்கியின் கடமை. கணக்கில் தவறு இருந்தால் இங்கேதான் பிடிக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து புதுக் கடன்களில் தாமதத்துக்கு அபராத வட்டி கிடையாது, அபராதக் கட்டணம் மட்டும்தான் போடலாம். அதை அசலில் சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது. விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு யோசனை: "ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) 'நிலம்', அதாவது நெல்வயல், என்று இருக்கிறது, விவசாய நிலத்தை ஜப்தி செய்ய முடியாது." சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். வீடு கட்டிக் குடியிருக்கிற இடத்துக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

கட்டவே முடியாது என்று தெரிந்தால், ஏலத்துக்கு முன் நீங்களே விற்பது மேல். பெரும்பாலும் ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கும். நோட்டீஸ் வந்த பிறகு என்றால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் செலவுகளோடு கட்டிவிட்டால் வீட்டை மீட்கலாம்.

வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பாலக்காட்டு வீட்டுக்கு எர்ணாகுளம். கடன் கணக்கு கோவைக் கிளையில் இருந்தால் கோவைத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம், அலைச்சல் குறையும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை. கடனில் மனைவியும் சேர்ந்திருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.