போன் நம்பர் சொன்னால்தான் பில்லா? புகார் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில் போடும் இடத்தில் "நம்பர் சொல்லுங்க" என்றதும் பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிடுகிறோம். அடுத்த வாரம் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அழைப்புகள் வரத் தொடங்கும்போது, "இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிடுகிறோம். முதல் தவறு இதுதான். பொருள் வாங்குபவரிடம் மொபைல் எண்ணைக் கேட்டு வற்புறுத்துவது நேர்மையற்ற வணிக முறை என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. சகஜம் என்று விடாமல் புகார் செய்தவர்களால் வந்த அறிவுறுத்தல் அது.

அதற்காகக் கவுன்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள். எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாத மென்பொருளை அவர் எழுதவில்லை. நம்பர் தர விருப்பமில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்காகப் பில் போட மறுத்தால், காரணத்தை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தனியுரிமை என்றால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களின் கவலை, நுகர்வோர் ஆணையம் என்றால் ஓடாத ஃப்ரிட்ஜுக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால் அந்தப் பிரிவினை நிற்காது. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறரிடம் வெளியிடுவதும் நேர்மையற்ற வணிக முறைதான் என்று பிரிவு 2(47) சொல்கிறது. அதாவது, உங்கள் எண்ணைக் கடை வேறொருவருக்குக் கொடுத்தது தெரிந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாம்.

நுகர்வோர் ஆணையம் என்ற இந்த வழி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசுகிறது. ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும். தகவல் கசிந்ததால் நஷ்டப்பட்டவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடம் தந்த 43ஏ பிரிவையும் அது நீக்குகிறது. நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு எங்கே என்பது நுகர்வோர் அமைப்புகள் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும்.

சரி, புகார் செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்ததும் வழக்குப் போட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறுவனத்திடம் பேசி முடிக்கும் முயற்சி மட்டும்தான். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கில்லை. ஆணையத்தில் மனு செய்ய இரண்டு ஆண்டு என்ற கெடு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.

கையில் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். பில், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

அப்புறம், தனியாகவே போராட வேண்டும் என்ற நினைப்பு. பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் அமைப்பு உங்களுக்காக மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஒரே பாதிப்புள்ள பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு, மனு செய்யவும் முடியும். சென்னையில் 'சிஏஜி' (அரசின் தணிக்கைத் துறை அல்ல, சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்ட் சிவிக் ஆக்‌ஷன் குரூப்) என்ற அமைப்பு 1985 முதல் நுகர்வோருக்காகப் பேசி வருகிறது. ஆனால் இத்தகைய அமைப்புகளிடம் கோபத்தை மட்டும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தன் பணம் திரும்ப வந்ததும் காணாமல் போய்விடாதீர்கள். விதியை மாற்றச் சொல்லி அரசிடம் வாதாட, உங்களுக்கு நடந்ததே அவர்களுக்குச் சான்று.

விதி எழுதப்படும் நேரத்தில் தூங்குவதும் ஒரு தவறுதான். தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரியில் வெளியாகி, மார்ச் 5 வரை மக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பிருந்தது. அடுத்த முறை இப்படியொரு வரைவு வந்தால், வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். எந்த விதி, அதில் எந்தச் சொல் மாற வேண்டும், உங்களுக்கு என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.